நடித்ததாகக் கருத இடமில்லை

அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்டம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் அநேகமாகக் கிடையாது. முதுகைப் பார்த்திருக்கிறார்கள். மூலையில் ஒரு முக்காலி, முக்காலியின் மேல் லிஃப்டம்மா, அவள் கைக்கெட்டும் தூரத்தில் இரும்பு மடக்குக் கதவு, சுவரில் பத்துப் பொத்தான். ஏறுகிறவர்கள் "அஞ்சு" என்றும் "ஏழு" என்றும் முதுகிடம் சொல்வார்கள். முதுகு அழுத்தும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது.

அவள் அங்கே இருக்கிறாளே என்று ஒருவரும் குரலைத் தாழ்த்தியதில்லை. யாருடைய கோப்பு எந்த அலமாரிக்குப் பின்னால் தவறி விழ வைக்கப்பட்டது, எந்த விதவையை எத்தனை தடவை நாளைக்கு வரச் சொன்னால் அவள் வருவதை நிறுத்துவாள், புதிதாகச் சேர்ந்த தட்டச்சுப் பெண்ணை எந்த அதிகாரிக்கு எப்படிப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் மாடிக்கு மாடி அவள் காதில் வந்து விழும். முகம் அசையாது. அசைந்தால் வேலை போய்விடும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அதையெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும்?

லிஃப்டுக்கும் ஒரு குணம் உண்டு. நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் தினம் ஒரு தடவையாவது நின்றுவிடும். மடக்குக் கதவை முழுக்கத் திறந்து படாரென்று இழுத்துச் சாத்தினால் மறுபடி கிளம்பும். இந்தச் சூட்சுமம் லிஃப்டம்மாவுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாததற்குக் காரணம், அவர்கள் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட லிஃப்டில்தான் டைரக்டர் தம்பி பத்தொன்பது தடவை ஏறி இறங்கினான். கட்டடத்தின் பின்பக்க மாடிப்படியில் ஒரு காட்சி எடுக்க அவனுக்கு அனுமதி வேண்டியிருந்தது. தாடியும் தோள்பையுமாக ஏறுவான், வாடிப்போய் இறங்குவான். பத்தொன்பதாவது தடவை எழுத்து மூலமாகவே மறுத்துவிட்டார்கள். மாடிப்படியைப் படம் பிடித்தால் கட்டடத்துக்கு எத்தனை மாடி என்பது வெளியாருக்குத் தெரிந்துவிடுமாம். அந்தக் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு அவன் சொன்னான்:

"மாடிப்படி போனா போகுதும்மா. நீங்க நடிக்கிறீங்களா?"

"எத்தனாவது மாடி?" என்றாள் லிஃப்டம்மா, வழக்கம் போல.

பத்தொன்பது தடவையும் பக்கவாட்டுச் சுவரோரம் ஒதுங்கி அவன் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதையும் வெளியே விடாத முகம். நடிப்புப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களிடம் அதைத் தேடி அலுத்துப்போய்விட்டதாக வீட்டுக்கு வந்து அவள் மகளிடம் சொன்னான். மகள் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் இருந்தது, வேலை இன்னும் எங்கேயோ இருந்தது. லிஃப்டம்மாவின் வேலையில்தான் வீடு ஓடியது. "நடிம்மா. இருபத்திரண்டு வருஷமா சும்மாதானே நடிச்சிட்டிருக்க, ஒரு தடவ யாராவது பாக்கட்டும்" என்றாள் மகள்.

படத்தின் பெயர் வெளித்தாழ். துணி தைக்கும் ஆலை ஒன்றில் பெண்கள் அடிக்கடி வெளியே போகிறார்கள் என்று கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போடுகிறார்கள். தீப்பிடிக்கிறது. பதினான்கு பெண்கள். கதவு திறந்துதான் இருந்தது என்று மூன்று பேர் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறார்கள்: மேற்பார்வையாளன், பாதுகாப்பு அதிகாரி, முதலாளி. பதினான்கில் ஒருத்தியின் அம்மா, அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தேடிப் போகிறாள். கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. அவர்கள் உள்ளே இருக்கும் நேரம் பார்த்து வெளியே தாழ்ப்பாள் போடுகிறாள். அப்புறம் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறாள். கேமரா உள்ளே போகவே போகாது. அவள் முகத்தை விட்டு நகராது. கதவுக்கு நாலு நிமிடம், மூன்று கதவு.

"அழ வேணாம், முறைக்க வேணாம். மனசுக்குள்ள எரநூத்தி நாப்பது எண்ணுங்க. எண்ணிக்கிட்டே கேளுங்க. அவ்வளவுதான்" என்று டைரக்டர் தம்பி சொல்லியிருந்தான். முதல் கதவில் அந்த முகத்தில் ஒரு சந்தேகம் இருக்கும், நாம் செய்வது சரிதானா என்பது போல. இரண்டாவதில் அது இருக்காது. மூன்றாவதில், உள்ளே சத்தமெல்லாம் அடங்கிய பிறகும் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். தாழ்ப்பாளில் இருந்த துருவைக் கட்டைவிரலால் தேய்ப்பாள், முந்தானையில் துடைப்பாள். பிறகு, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று ஞாபகம் வந்தவள் மாதிரி ஒரு கணம் நிற்பாள். மகளுக்குச் சோறாக்கி வைத்த காலத்துப் பழக்கம் அது.

படம் ஒரே ஒரு அரங்கில், காலைக் காட்சியாக, நாலு நாள் ஓடியது. கடைசி நாள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்ட பிறகும் அவர்கள் எழுந்து போகவில்லை. எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. ஐந்தாம் நாள் அந்தச் சுவரொட்டியின் மேல் வேறொரு சுவரொட்டி ஏறியது. லிஃப்டம்மா முக்காலிக்குத் திரும்பினாள்.

அதோடு போயிருந்தால் கதை முடிந்தது. அவள் எடுத்திருந்த நாற்பத்தோரு நாள் விடுப்புதான் முடியவில்லை.

ஊழியர்கள் கலைப்பணிக்காக விடுப்பு எடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. முன்னொரு காலத்தில் அந்த அலுவலகத்தின் இயக்குநர் ஒருவர் ஆண்டுவிழா நாடகத்தில் அரசராக நடிக்க ஆசைப்பட்டு, ஒத்திகைக்காகத் தானே எழுதித் தானே கையெழுத்திட்ட விதி. விடுப்பு முடிந்தபின், சம்பந்தப்பட்டவர் உண்மையிலேயே நடித்தார் என்று நடிப்பு மெய்ப்பிப்பு வாரியத்திடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். சான்று இல்லையென்றால் அத்தனை நாளும் சொல்லாமல் ஓடிப்போனதாக ஆகும். சொல்லாமல் முப்பது நாளுக்கு மேல் ஓடிப்போனவர் வேலையில் இல்லை. கண்காணிப்பாளர் இதை லிஃப்டம்மாவிடம் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் சொன்னார், முதுகிடம்.

வாரியம் வெகு தூரத்தில் இல்லை. அதே கட்டடத்தில் ஒன்பதாம் மாடி. வாரியத்தின் மூன்று பேரையும் லிஃப்டம்மாதான் தினம் மேலே கொண்டுபோய் விட்டுக் கீழே கொண்டுவந்து விட்டாள். தலைவர் ஒரு காலத்தில் மேடையில் அரசராகவே வாழ்ந்தவர். துண்டை இரண்டு தோளிலும் வழியவிட்டுக்கொண்டு, "ஒன்பது" என்பதைக்கூடப் போர் முழக்கம் மாதிரிதான் சொல்வார். செயலர் அதிகாரி. முத்திரை விழாத எதையும் அவர் கண் பார்ப்பதில்லை. மூன்றாமவர் பேராசிரியர். நடிப்புக்கு ஏழு அடையாளங்கள் உண்டு என்று கண்டுபிடித்து அதற்காகவே முனைவரானவர். கண்ணீர், குரல் நடுக்கம், நெஞ்சில் கை, பல் கடித்தல், திடீர்த் திரும்பல், மேல்நோக்கிப் பார்த்தல், மயங்கி விழுதல். கண்ணீர் என்றால் பத்தாம் வரிசையிலிருந்து தெரிய வேண்டும். ஏழில் குறைந்தது நாலு இருந்தால்தான் நடிப்பு.

மகள் விண்ணப்பம் எழுதினாள். நாலு பிரதி, படத்தின் பிரதி தனி, புகைப்படம் தனி, பணிப்பதிவேட்டின் நகல் தனி. "ஏம்மா, நடிச்சத பாத்தா தெரியாதா? இதுக்கு எதுக்கு இத்தனை தாளு?" என்று லிஃப்டம்மா கேட்டாள். "பாத்து தெரிஞ்சுக்கறவங்களா இருந்தா இந்த வாரியம் எதுக்கும்மா?" என்றாள் மகள்.

படத்தைப் பார்க்கும் நாள் வந்தது. மனுதாரர் உள்ளே இருந்தால் வாரியத்தின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் அன்றைக்கு டீ கொடுக்கிற ஆள் விடுப்பு. ஆகவே டீ ஃப்ளாஸ்கோடு கதவுக்கு வெளியே நிற்கும்படி மனுதாரருக்கே உத்தரவானது. கதவைச் சாத்தினார்கள். லிஃப்டம்மா வெளியே நின்று கேட்டாள்.

ஆலைச் சத்தம் கேட்டது. தீச்சத்தம் கேட்டது. முதல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் சும்மா நிற்கும் சத்தம், அதாவது ஒன்றுமே கேட்கவில்லை. அவள் எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வரும்போது தலைவரின் குரல்.

"என்னய்யா, நின்னு போச்சா?"

"இல்ல சார், அந்தம்மா நிக்கிறாங்க" என்றான் படம் ஓட்டுகிறவன்.

"எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"நாலு நிமிஷம் சார்."

"அவங்க நின்னா நாமளும் நிக்கணுமா? ஓட்டுய்யா வேகமா."

வேகமாக ஓட்டினார்கள். இரண்டாவது கதவும் மூன்றாவது கதவும் கண்மூடித் திறப்பதற்குள் போயின. யாரோ குறட்டை விட்டார்கள். நாற்காலி இழுபட்டது. பிறகு செயலர் கதவைத் திறந்து, முதுகு இல்லாமல் முகம் எதிரே நின்றதால் சற்றுக் குழம்பி, முகத்தைத் தாண்டி ஃப்ளாஸ்கைப் பார்த்து, "சர்க்கரை போடாதது எது?" என்றார்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. கண்ணீர், இல்லை. குரல் நடுக்கம், குரலே இல்லை. நெஞ்சில் கை, இல்லை. திடீர்த் திரும்பல் ஓரிடத்தில் முயற்சிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் போதிய திடீர் இல்லை. வேகமாக ஓட்டியதில் அவள் இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டதைப் பேராசிரியர் 'தேவையற்ற பதற்றம்' என்று குறித்திருந்தார். மொத்தம், ஏழுக்குப் பூஜ்யம். கீழே செயலரின் கையெழுத்து: மேற்படி ஊழியர் நடித்ததாகக் கருத இடமில்லை.

மகள் மேல்முறையீடு செய்தாள். மேல்முறையீட்டு வாரியம் என்று தனியாக ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தால் அதே மூன்று பேர், நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாயும் மகளும் நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். உட்கார்ந்து பேசினால் அவருக்குப் பேச்சு வராது.

"அம்மா, பெத்த பொண்ணு தீயில போயிட்டா. தாய் என்ன பண்ணணும்? கதறணும். தலைய விரிச்சுப் போட்டு ஆகாயத்தப் பாத்து நியாயம் கேக்கணும். நான் சொல்றது நாடகத்துக்கு மட்டும் இல்ல. என் முதல் மனைவி காலமானப்போ நான் மூணு தடவ மயங்கி விழுந்தேன். முதல் தடவ துக்கம் தாங்காம. ரெண்டாவது தடவ, போட்டோக்காரன் முதல் தடவ சரியா எடுக்கலன்னான். மூணாவது தடவ மந்திரி வந்துட்டாரு, அவரு முதல் ரெண்டையும் பாக்கலல்ல. அன்னைக்கு அங்க இருந்த ஆயிரம் பேரும் அழுதாங்க. அது நடிப்பு. நீங்க பண்ணியிருக்கிறது என்ன? சும்மா நின்னிருக்கீங்க. நிக்கிறது ஒரு கலையா? அப்படின்னா பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்கெல்லாம் நான் சான்று குடுக்கணும்."

செயலரும் பேராசிரியரும் மேசையைத் தட்டினார்கள். தான் செய்தது நடிப்பு இல்லையோ என்று லிஃப்டம்மாவுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. இத்தனை பெரியவர் மூன்று தடவை விழுந்திருக்கிறார், நாம் ஒரு தடவைகூட விழவில்லையே.

மகள்தான் வாயைத் திறந்தாள். "சார், அந்த அம்மா அழுதா, அவ எதுக்காக நிக்கிறான்னே தெரியாமப் போயிடும். அவ அழுது முடிச்சப்பறம்தான் சார் படமே ஆரம்பிக்குது."

"அழுது முடிச்சதுக்கு ஆதாரம்?" என்றார் செயலர். இல்லை. அழுகை படத்தில் வராது. குறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். திரையில் பார்த்த பெண்மணிக்கும் எதிரில் நிற்பவருக்கும் ஒற்றுமையே தெரியவில்லையே, இவர்தானா அவர்? உடனே அடையாளத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. மூன்று பேர் தேவை என்பதால் அதே மூன்று பேர். பணிப்பதிவேட்டில் இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய புகைப்படம், இரட்டைப் பின்னலோடு. அங்க அடையாளம், இடது முழங்கைக்கு மேல் மச்சம். படத்தில் அவள் முழுக்கை ரவிக்கை. லிஃப்டம்மா கையை மடித்து மச்சத்தைக் காட்டினாள். "உங்ககிட்ட மச்சம் இருக்கு, சரி. அவங்ககிட்ட இருந்துச்சா, அதச் சொல்லுங்க" என்றார் செயலர். தினமும் தங்களை ஏற்றி இறக்குகிறவள் இவள்தான் என்றுகூட அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரியாது.

தீர்ப்பு ஒரே தாளில் இரண்டு பத்தியாக வந்தது. ஒன்று: திரையில் காணப்படுபவர் நடிக்கவில்லை. தன் இயல்பில் இருந்தபடியே இருந்துவிட்டுப் போகிறார். இரண்டு: திரையில் காணப்படுபவர் மனுதாரர் அல்லர். மனுதாரரின் இயல்பு அவரிடம் துளியும் காணப்படவில்லை.

மகள் தாளை எடுத்துக்கொண்டு ஒன்பது மாடியும் படியிலேயே ஏறிப் போனாள். "சார், அது எங்கம்மா இல்லன்னு சொல்லுங்க, இல்ல எங்கம்மா நடிக்கலன்னு சொல்லுங்க. ரெண்டையும் எப்படி சார் சொல்றீங்க?"

செயலருக்குக் கோபமே வரவில்லை. சின்னப் பெண்ணுக்குப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னார்: "ஒரு காரணம் கோர்ட்டுல அடிபட்டாலும் இன்னொண்ணு நிக்கணும்ல பாப்பா. ரெண்டு காலு மாதிரி. நிர்வாகம் அப்படித்தான் நடக்கும்."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்றாள். கதவருகில் ஆட்கள் கூடினார்கள். கூட்டம் கூடினால் செயலருக்கு ஆகாது. கடைசி வாய்ப்பாகச் செய்முறைத் தேர்வு ஒன்று வைக்கலாம் என்று முடிவானது. மனுதாரர் வாரியத்தின் முன்னிலையில், நேரில், நடித்துக் காட்ட வேண்டும்.

தேர்வு நாளன்று மேசையை ஓரமாகத் தள்ளி நடுவில் இடம் விட்டிருந்தார்கள். மகளை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர் ஏழு கட்டம் போட்ட படிவத்தோடு தயாராக இருந்தார்.

"பொண்ணு செத்துப்போச்சு. அழுங்க" என்றார் தலைவர்.

லிஃப்டம்மா மகளைப் பார்த்தாள். "பொண்ணு இங்கதான சார் உக்காந்திருக்கா."

"கற்பனை பண்ணுங்கம்மா. நடிப்புன்னா கற்பனை."

அவள் கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறந்து, உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "கதவ பூட்டுனது யாரு சார்?"

"எந்தக் கதவு?"

"பொண்ணு உள்ள இருந்தப்ப பூட்டுன கதவு. பூட்டுனது யாருன்னு சொல்லுங்க. அப்பதான் எனக்கு முகத்துல வரும்."

"கதவெல்லாம் கிடையாதும்மா. யாரும் பூட்டல. சும்மா செத்துப்போச்சு. அழுங்க."

"யாரும் பூட்டாம எப்படி சார்?" என்றாள் லிஃப்டம்மா. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பேராசிரியர் ஏழு கட்டத்திலும் ஏழு பூஜ்யம் போட்டார். "வீட்டுக்குப் போ பாப்பா, நான் வர்றேன்" என்று அவள் மகளை அனுப்பினாள். மகள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியில் இறங்கினாள். லிஃப்டம்மா முக்காலிக்குப் போனாள். மணி ஐந்தடிக்க இன்னும் இருந்தது, அதுவரை அவள் வேலையில்தான் இருந்தாள்.

மூன்று பேரும் ஏறினார்கள். "தரைத்தளம்" என்று தலைவர் முழங்கினார். முதுகு அழுத்தியது.

"அந்தப் பொண்ணு முறைச்சதப் பாத்தீங்களா? பட்டம் வாங்கின திமிரு" என்றார் தலைவர்.

"நாளைக்கே ஆர்டர் போயிடும் சார். நாப்பத்தோரு நாளும் ஓடுகாலிக் கணக்கு" என்றார் செயலர்.

பேராசிரியர் மட்டும் படிவத்தை மடித்துக்கொண்டே இழுத்தார். அந்த ரெண்டாவது கதவை அவ்வளவு வேகமாக ஓட்டியிருக்க வேண்டாமோ என்று தனக்குத் தோன்றியதாகவும், ராத்திரி படுத்த பிறகும் அந்த முகம் என்னவோ போல் நினைவுக்கு வந்ததாகவும் சொன்னார்.

"பூட்டுன கதவுக்கு வெளிய நிக்க நடிப்பு எதுக்குய்யா?" என்றார் செயலர். "அது யாரு வேணா செய்யலாம். உள்ள மாட்டிக்கிட்டவன்ல நடிக்கணும்."

தலைவர் இடிஇடியென்று சிரித்தார். ஐந்தைத் தாண்டிய லிஃப்ட் குலுங்கி நின்றது.

லிஃப்டம்மா மடக்குக் கதவில் கையை வைத்தாள். வைத்த கையை எடுத்தாள். முக்காலியோடு திரும்பி, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஏறியவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தாள்.

இருபது வரைக்கும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பதில் செயலர் "என்னம்மா, என்னாச்சு?" என்றார். நாற்பதில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பத்துப் பொத்தானையும் அழுத்தினார். அறுபதில் தலைவர், "இந்தாம்மா, உன்னத்தான்" என்றார். குரலில் அரசர் இல்லை, நடுக்கம் இருந்தது. எண்பதில் பேராசிரியர் அவளை நன்றாகப் பார்த்தார். பார்த்ததும் திடீரென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலில் போதிய திடீர் இருந்தது.

அவள் முறைக்கவில்லை. மிரட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் மூச்சையும் உமிழ்நீரை விழுங்குவதையும் மட்டும் அல்ல, இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்குள் அவர்கள் பேசிய எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம் அது. நூற்றிருபதில் செயலருக்கு அலமாரிக்குப் பின்னால் போட்ட கோப்பு ஒன்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அது நான் வேணும்னு பண்ணலம்மா" என்றார், யாரும் கேட்காமலே. பேராசிரியர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தலைவர் மேல்நோக்கிப் பார்த்தார். அங்கே ஆகாயம் இல்லை. அழுக்குப் படிந்த மின்விசிறிதான் இருந்தது.

நூற்றெழுபதில் தலைவர் அழுதார். பத்தாம் வரிசைக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

"ஏம்மா... அந்தப் படத்துல... அது நீதானம்மா?"

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பத்தில் பேராசிரியர் மயங்கி, சுவரோடு வழுக்கித் தரையில் சாய்ந்தார். ஏழும் வந்துவிட்டன. படிவம் அவர் கையில்தான் இருந்தது, நிரப்ப ஆள் இல்லை.

இருநூற்றி நாற்பது. லிஃப்டம்மா எழுந்து மடக்குக் கதவைத் திறந்து படாரென்று சாத்தினாள். லிஃப்ட் கிளம்பியது.

"கீழ வந்தாச்சு சார்" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று பேரும் படியில்தான் ஏறுகிறார்கள் என்று கேள்வி. மாடிக்கு மாடி நின்று நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்களாம், மேலே பார்க்கிறார்களாம். அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

ஓடுகாலி ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டு அனுப்பிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. மகள் பிரித்தாள். விஷயம் கேட்டு ஓடி வந்த டைரக்டர் தம்பி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். லிஃப்டம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் சத்தமாகப் படித்தாள்.

"மேற்படி ஊழியர், ஒரு சொல்லும் பேசாமல், ஒரு துளிக் கண்ணீரும் விடாமல், கையையோ விரலையோ அசைக்காமல், முகம் ஒன்றினால் மட்டுமே வாரியத்தின் மூன்று உறுப்பினர்களையும் நிலைகுலையச் செய்தார். அவரது பார்வையில் பகை வெளிப்படையாக இல்லை. ஆயினும், பூட்டிய அறைக்குள் தாங்கள் இருப்பதாகவும், பூட்டியவர் வெளியே நின்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் உறுப்பினர்கள் உணர்ந்தனர். தங்கள் பணிக்காலத்தில் இழைத்த பிழைகள் அனைத்தும் அவர்கள் நினைவுக்கு வந்தன. இந்நிலை அரைமணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. திரைப்படத்தில் தோன்றியவர் இவரே என்பது இதனால் ஐயமற உறுதியாகிறது. எனினும், உறுப்பினர்கள் உண்மையிலேயே அஞ்சியதால் இச்செயலை நடிப்பு என்று கருத இடமில்லை. இது மிரட்டல் ஆகும்."

டைரக்டர் தம்பி எழுந்து வந்து தாளை வாங்கித் தானே இன்னொரு தடவை படித்தான். "அம்மா, நம்ம படத்தப் பத்தி எவனும் ஒரு வரி எழுதலன்னு திரிஞ்சேன். மூணு பேரு உக்காந்து முழுசா எழுதியிருக்கானுங்க" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அரைமணி நேரம்னா போட்டிருக்கு?" என்று லிஃப்டம்மா அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நாலு நிமிஷந்தான் தம்பி. எண்ணுனேன்ல."

கீழே ஒரு கட்டம் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, ஆம் அல்லது இல்லை. இல்லை எனில் பதினைந்து நாளில் விளக்கம் தரலாம். மகள் பேனாவைத் திறந்தாள். இல்லைன்னு போடுவோம், லிஃப்ட் தானா நின்னுச்சு, அது தினமும் நிக்கிறதுன்னு கட்டடத்துக்கே தெரியும், நீ முக்காலில உக்காந்திருந்த, அவங்களா பயந்துக்கிட்டாங்க, ஒரு கேஸும் நிக்காதும்மா என்றாள். அவள் சொன்னது சரி. அப்படி எழுதியிருந்தால் விசாரணை இழுத்துக்கொண்டு போகும், இழுக்கும் வரைக்கும் முக்காலி இருக்கும்.

லிஃப்டம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினாள். 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"அம்மா, வேல போயிடும்."

"போயிடும்" என்றாள். விளக்கத்துக்கென்று பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். அவள் முதல் வரியில் ஒரே ஒரு சொல்லை, எழுத்தெழுத்தாக, அழுத்தி எழுதினாள்.

நடித்தேன்.

பேனாவை மூடி மகள் கையில் கொடுத்துவிட்டு அரிசியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.